“அந்தச் சின்னப் பிள்ளையள் என்ன பிழை செய்தவை, ரீச்சர்?”

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஒரு தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை ஆசிரியையாக இருக்கிறேன். வயது 31. போன மாதம் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு எரிகோ மதில் விழுந்த பாடத்தைச் சொல்லி முடித்தபோது ஒரு பொடியன் எழும்பி, “மதில் விழுந்தாப் பிறகு உள்ளுக்கு இருந்த சின்னப் பிள்ளையளுக்கு என்ன நடந்தது? அவை என்ன பிழை செய்தவை, ரீச்சர்?” என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசுவா 6 (மதில் விழுந்த பிறகு உள்ளே இருந்த சிறியோர் பெரியோர் எல்லாரையும் இஸ்ரவேலர் வெட்டியதாக அங்கே இருக்கிறது), உபாகமம் 7, 1 சாமுவேல் 15, சங்கீதம் 137 எல்லாவற்றையும் வாசித்தேன். அன்றிலிருந்து ஒழுங்கான நித்திரை இல்லை. சபையில் மூத்தவர் ஒருவரிடம் கேட்டதற்கு, “ஆண்டவருடைய வழியைக் கேள்வி கேட்கக் கூடாது, அது விசுவாசக் குறைவு” என்றார். என்னோடு வேலை செய்யும் சைவ அக்கா ஒருவர், “உங்கட கடவுள் குழந்தையளைக் கொல்லச் சொன்னவராமே?” என்றபோதும் வாயடைத்துப்போனேன். இப்போது ஜெபிக்கவே கூச்சமாக இருக்கிறது. நான் இன்னும் விசுவாசிதானா? பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

பதில் (பழைய ஏற்பாட்டு விரிவுரையாளர்):

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் வகுப்புப் பொடியன் கேட்ட கேள்வியை நான்காம் நூற்றாண்டிலேயே ஒரு ஆயர் கேட்டிருக்கிறார். நிசாவின் கிரகோரியார் மோசேயின் வாழ்க்கையைப் பற்றி எழுதும்போது, எகிப்தின் தலைப்பிள்ளைகள் செத்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிடுகிறார். தகப்பன் செய்த பொல்லாங்குக்கு இப்போதுதான் பிறந்த குழந்தை தண்டனை பெற்றால் அதில் நீதி எங்கே என்று கேட்கிறார். அவரைத் திருச்சபை புனிதராகத்தான் வைத்திருக்கிறது.

அவருக்கும் முன்னால் ஆபிரகாம் இருக்கிறார். ஆதியாகமம் 18 இல் சோதோமுக்காகக் கடவுளின் முன் நின்று, “சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ” என்று கேட்கிறார். ஐம்பதில் தொடங்கிப் பத்து வரைக்கும் இறங்குகிறார். ஆறு தரம் கேட்கிறார், ஆறு தரமும் பதில் கிடைக்கிறது. ஒருதரமாவது கடவுள் கோபித்தார் என்று அங்கே இல்லை. யோபு 42:7 ஐயும் பாருங்கள். கடவுளுக்காக வக்காலத்து வாங்கிய மூன்று நண்பர்கள்மேல்தான் அவருக்குக் கோபம். சண்டை பிடித்த யோபு பேசியதே நிதானமான பேச்சு என்கிறார். ஆகவே, “நான் இன்னும் விசுவாசிதானா” என்ற கேள்விக்கு என் பதில்: ஓம். இந்தக் கேள்விகளை உங்களுக்குக் கற்றுத்தந்ததே வேதாகமம்தான்.

இனி அந்தப் பகுதிகளுக்கு வருவோம். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் எரிகோ ‘சாபத்தீடு’ என்று இருக்கும். இந்தச் சொல் தமிழ் வாசகரைக் கொஞ்சம் திசைதிருப்புகிறது, ஏனென்றால் உடனே சாபம்தான் மனதில் எழுகிறது. எபிரேயச் சொல் ‘ஹேரெம்’. அதன் அடிப்படைக் கருத்து விலக்கி வைத்தல். அரபுச் சொல்லான ஹராம் அதற்கு உறவுச் சொல். லேவியராகமம் 27 இல் ஒருவன் கடவுளுக்கென்று முற்றாக ஒப்புக்கொடுத்த வயலுக்கும் இதே சொல்தான். எங்களுடைய ஊர்ச் சொல்லில் கிட்டத்தட்ட ‘நேர்ந்துவிட்டது’ எனலாம். மடு மாதாவுக்கு நேர்ந்த காசை வீட்டுச் செலவுக்கு எடுக்க எந்தத் தாய்க்கும் மனம் வராது. அப்படித்தான் ஹேரெம் ஆன பட்டணத்திலிருந்து யாரும் பொன்னோ மாடோ அடிமையோ எடுக்கக் கூடாது. அமலேக்கியரை முற்றாக அழிக்கச் சொல்லப்பட்ட சவுல் அரசன் ஆட்டையும் மாட்டையும் மிச்சம் பிடித்ததற்கு 1 சாமுவேல் 15 ஏன் இவ்வளவு கோபப்படுகிறது என்பது இதை அறிந்தால் விளங்கும். ஆனால் ஒரு வழக்கம் விளங்குவதால் அது நியாயமாகிவிடாது. நேர்ந்துவிடப்பட்டதில் மனிதரும் குழந்தைகளும் இருந்தார்கள்.

இந்த வழக்கம் இஸ்ரவேலுக்கு மட்டும் உரியதும் அல்ல. 1868 இல் யோர்தானின் தீபானில் கிடைத்த மோவாபிய அரசன் மேசாவின் கல்வெட்டு கி.மு. 840 அளவிலானது. அதில் மேசா, தன் தெய்வத்துக்காக நேபோ என்ற இஸ்ரவேல் ஊரைப் பிடித்து ஆண், பெண், பிள்ளைகள் என்று ஏழாயிரம் பேரைக் கொன்றதாகச் சொல்கிறான். அவன் பயன்படுத்தும் சொல்லும் இதே ஹேரெம்தான். அதாவது, அயல் அரசர்கள் தங்கள் தெய்வங்களைப் பற்றிப் பேசிய அதே மொழியில்தான் இஸ்ரவேலரும் தங்கள் யுத்தங்களை எழுதினார்கள். அதே கல்வெட்டு இஸ்ரவேல் என்றென்றைக்குமாக அழிந்துபோயிற்று என்றும் பெருமை பேசுகிறது. கி.மு. 1208 அளவில் எகிப்திய அரசன் மெர்னெப்தா நாட்டிய கல்லும் இஸ்ரவேலுக்கு இனி வித்தே இல்லை என்கிறது. இரண்டு தரமும் இஸ்ரவேல் அழியவில்லை. முற்றாக அழித்தோம் என்பது அந்தக் காலத்து வெற்றிப் பேச்சின் வழக்கு.

யோசுவாவின் புத்தகமும் இதே வழக்கில் பேசுகிறது என்பதற்கு அந்தப் புத்தகமே சாட்சி. 10:36-37 இல் எப்ரோனில் ஒருவரும் மீதியில்லை. 15:13-14 இல் காலேப் அதே எப்ரோனுக்குப் போய் அங்கே இருக்கிறவர்களைத் துரத்துகிறார். 11:23 இல் தேசம் முழுவதும் பிடிபட்டுவிட்டது. 13:1 இல் இன்னும் மகா விஸ்தாரமான தேசம் பிடிக்கக் கிடக்கிறது. 1 சாமுவேல் 15 இல் அரசன் ஆகாக் ஒருவனைத் தவிர அமலேக்கியர் எல்லாரும் செத்துவிட்டார்கள். 30 ஆம் அதிகாரத்தில் அவர்கள் சிக்லாக்கைக் கொளுத்துகிறார்கள், தாவீது முறியடித்த பிறகும் நானூறு பேர் ஒட்டகம் ஏறித் தப்புகிறார்கள். உபாகமம் 7:2 அந்தச் சனங்களைச் சங்காரம்பண்ணச் சொல்லிவிட்டு, அடுத்த வசனத்தில் அவர்களோடு சம்பந்தம் கலக்க வேண்டாம் என்கிறது. எல்லாரும் செத்திருந்தால் பெண் கொடுக்கவும் எடுக்கவும் யார் இருப்பார்கள்?

அகழாய்வும் இதோடு ஒத்துப்போகிறது. கேத்லீன் கெனியன் 1952 முதல் 1958 வரை எரிகோவைத் தோண்டினார். அங்கே இருந்த பெரிய மதில்சூழ் நகரம் கி.மு. 1550 அளவிலேயே அழிந்துவிட்டது. யோசுவாவுக்கு வழமையாகக் குறிக்கப்படும் கி.மு. 13 ஆம் நூற்றாண்டில் அப்படியொரு மதில் நகரம் அங்கே இல்லை. யோசுவாவின் புத்தகத்தில் அடுத்து விழும் ஆயி என்ற ஊராகக் கருதப்படும் மேட்டிலோ அந்த நூற்றாண்டுக்கு முன் ஆயிரம் வருடங்களுக்கு மேலாகக் குடியே இல்லை. அதே புத்தகத்தில் வரும் ஆத்சோர் நகரம் மட்டும் 13 ஆம் நூற்றாண்டில் உண்மையாகவே எரிந்திருக்கிறது, கொளுத்தியவர் யார் என்பதில் ஆய்வாளரிடையே வாதம் உண்டு. யோசுவா சொல்வதுபோல ஒரே வீச்சில் ஒரு தேசமே வெட்டப்பட்டது என்பதற்கு மண்ணில் சான்று இல்லை.

இதைக் கேட்டதும் பலர் பெருமூச்சு விட்டு, அப்படியென்றால் பிரச்சினை தீர்ந்தது என்று புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். நீங்கள் மூடாதீர்கள். செத்தவர்களின் தொகை குறைகிறது, அவ்வளவுதான். “கர்த்தர் கட்டளையிட்டார்” என்ற வசனம் அப்படியே நிற்கிறது. உங்கள் நித்திரையைக் கெடுத்ததும் அதுதான்.

அந்த வசனத்துக்குச் சபைகளில் வழமையாகத் தரப்படும் பதில்கள் சில உங்கள் காதிலும் விழுந்திருக்கும். அவை ஏன் தாங்காது என்று தெரிந்திருப்பது நல்லது, இல்லாவிட்டால் அவசரத்தில் அவற்றில் ஒன்றை அந்தப் பொடியனுக்குக் கொடுத்துவிடுவீர்கள். கானானியர் மகா பாவிகள், குழந்தைகளைப் பலியிட்டவர்கள் என்பார்கள். குழந்தைகளைக் கொன்ற பாவத்துக்குத் தண்டனையாக அதே குழந்தைகளைக் கொல்வதா? பிள்ளைகளுக்காகப் பிதாக்களோ பிதாக்களுக்காகப் பிள்ளைகளோ கொலைசெய்யப்பட வேண்டாம் என்று உபாகமம் 24:16 சொல்கிறதே. செத்த குழந்தைகள் நேரே மோட்சம் போயிருப்பார்கள் என்பது இன்னும் மோசம்: குழந்தையைக் கொன்ற எவனும் இதே வார்த்தையைச் சொல்லிக் கைகழுவலாம். தந்தவர் எடுத்துக்கொள்கிறார் என்ற பதிலில் ஒரு பெரிய வெடிப்பு இருக்கிறது. உயிரைக் கடவுள் எடுப்பது ஒன்று, ஒரு மனிதன் கையில் பட்டயத்தைக் கொடுத்து ஒரு பாலனை வெட்டச் சொல்வது வேறொன்று. அதையும் நீதி என்று ஒப்புக்கொண்டால், கடவுள் நல்லவர் என்ற வார்த்தைக்குப் பொருளே இல்லாமற் போய்விடும்.

நான்காவது பதில் படித்தவர்களைத்தான் அதிகம் கவர்கிறது. அது பழைய ஏற்பாட்டுக் கடவுள், எங்களுக்கு இயேசுவே போதும் என்பது. இதை இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் சொன்னார்; உரோமைச் சபை 144 இல் அவரை விலக்கியது. அந்த முடிவு சரியானது. “பிறனிலும் உன்னைப்போல அன்புகூர்வாயாக” என்பது லேவியராகமம் 19:18. நினிவேயின் இலட்சத்து இருபதினாயிரம் பேருக்காகவும் அவர்களின் மாடுகளுக்காகவும் பரிதபிக்கிற கடவுள் யோனாவின் புத்தகத்தில் இருக்கிறார். மார்சியோனின் வழியில் போனால் இவற்றையும் இழக்கிறோம், யூத மக்களின் வேதத்தை இழிவுசெய்த பாவத்திலும் பங்காளிகளாகிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இங்கே பிரசங்கங்களில் எரிகோ மதில் என்றால் கடன், வருத்தம், விசா, கலியாணத் தடை என்று போகும். பொல்லாங்குகளை உள்ளத்துப் பகைவராகப் பார்க்கும் இந்த வாசிப்பு மூன்றாம் நூற்றாண்டின் ஓரிகேனிடமிருந்து வருகிறது, அதற்கு ஒரு பயன் உண்டு. ஆனால் மதிலை உருவகமாக்கும்போது மதிலுக்கு உள்ளே இருந்த சனமும் மறைந்துபோகிறது. உங்கள் பொடியன் மட்டும் அவர்களைப் பார்த்திருக்கிறான்.

என்னுடைய முடிவை நேராகவே சொல்கிறேன். விசுவாசமுள்ள பலர் இதில் என்னோடு உடன்படமாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். குழந்தைகளைக் கொல்லும்படி கடவுள் கட்டளையிடவில்லை. கட்டளையிட்டார் என்று அக்காலத்து மக்கள் உண்மையாகவே நம்பினார்கள், நம்பியபடி எழுதினார்கள். அந்த எழுத்தை வேதாகமம் அழிக்காமல் வைத்திருக்கிறது, அதைத் திருத்தும் குரல்களையும் கூடவே வைத்திருக்கிறது. வேதத்தை வேதமே திருத்துகிறது என்பது என் ஊகம் அல்ல, பக்கத்தைப் புரட்டினால் தெரியும். 2 சாமுவேல் 24:1 இல் சனத்தைத் தொகையிடத் தாவீதை ஏவியது கர்த்தரின் கோபம். அதே சம்பவத்தை எழுதும் 1 நாளாகமம் 21:1 இல் ஏவியது சாத்தான். பின்னால் எழுதியவருக்கு முன்னவர் எழுதியது பொறுக்கவில்லை. 2 இராஜாக்கள் 10:30 இல் ஆகாப் அரசனின் வீட்டாரை யெஸ்ரயேலில் வெட்டித் தள்ளி அரசனான யெகூவைக் கர்த்தர் மெச்சுகிறார். ஓசியா 1:4 இல் அதே யெஸ்ரயேலின் இரத்தப்பழிக்காக யெகூவின் வீட்டாரை விசாரிப்பேன் என்கிறார். பிதாக்களின் அக்கிரமத்தைப் பிள்ளைகளிடத்தில் விசாரிப்பதாக யாத்திராகமம் 20 சொல்கிறது. எசேக்கியேல் 18 ஒரு அதிகாரம் முழுவதும் அதை மறுத்து வாதாடுகிறது. யோசுவாவின் புத்தகத்துக்குள்ளேயே, எரிகோவுக்கு ஒரு பக்கம் முன்னால், உருவின பட்டயத்தோடு நிற்பவரிடம் நீர் எங்களைச் சேர்ந்தவரோ எங்கள் சத்துருக்களைச் சேர்ந்தவரோ என்று யோசுவா கேட்கிறார். வரும் பதிலின் முதற்சொல் “அல்ல” (5:14). இரண்டு பக்கத்தையும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

இந்தத் திருத்தம் எந்தத் திசையில் போகிறது என்பதற்கு எங்களுக்கு அளவுகோல் கிறிஸ்து. நாசரேத்தில் ஏசாயா 61 ஐ வாசித்தவர் “நீதியைச் சரிக்கட்டும் நாள்”, அதாவது பழிவாங்கும் நாள், என்ற இடத்துக்கு முன்னால் புத்தகத்தைச் சுருட்டிக் கொடுத்துவிடுகிறார். எலியாவைப்போல வானத்திலிருந்து அக்கினி இறக்கட்டுமா என்று கேட்ட சீடரை அதட்டுகிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் மத்தேயு 15. மகளுக்காகக் கெஞ்சி வரும் பெண்ணை மாற்கு சீரோபேனிக்கியப் பெண் என்று எழுதுகிறார். மத்தேயுவோ அந்தக் காலத்தில் வழக்கொழிந்த ஒரு பழைய பெயரைத் தேடி எடுத்து “கானானிய ஸ்திரீ” என்று எழுதுகிறார். யோசுவாவின் பெயரும் இயேசுவின் பெயரும் எபிரேயத்தில் ஒரே பெயர். இந்த யோசுவாவின் முன்னால் ஒரு கானானியத் தாய் வந்து நிற்கிறாள், வாதாடி வெல்கிறாள், அவளுடைய பிள்ளை பிழைக்கிறது. மத்தேயு இதைத் தெரியாமல் எழுதினார் என்று நான் நம்பவில்லை.

சங்கீதம் 137 ஐ இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள், அது வேறு வகை. குழந்தைகளைக் கல்லின்மேல் மோதியடிப்பவன் பாக்கியவான் என்ற கடைசி வசனம் கட்டளை அல்ல. கி.மு. 586 இல் ஊர் எரிந்து, பிள்ளைகள் சாவதைக் கண்டு, பாபிலோனுக்கு நடந்துபோன சனம் கடவுளிடம் கக்கிய வார்த்தை அது. 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தவர்களுக்கு அந்த வாயின் கசப்பை விளக்கத் தேவையில்லை. வஞ்சத்தை அயலவன்மேல் இறக்காமல் கடவுளின் காலடியில் இறக்குவதற்கு அந்தச் சங்கீதம் இடம் தருகிறது. கத்தோலிக்கக் குருக்களும் துறவிகளும் நாள்தோறும் சொல்லும் கட்டளைச் செபத்தை இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு திருத்தியபோது 58, 83, 109 ஆகிய மூன்று சங்கீதங்களையும் இதன் கடைசி வசனங்களையும் நீக்கினார்கள். பிள்ளைகள் வகுப்புக்கு அதையே செய்யுங்கள். பெரியவர்களோடு முழுவதையும் வாசியுங்கள்.

பெரியவர்களோடு வாசிக்கும்போது இன்னொரு திகதியையும் மறைக்கக் கூடாது. அந்த இடப்பெயர்வுக்குச் சரியாக ஐந்து வருடங்களுக்கு முன், 1990 ஒக்டோபர் 30 இல், யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெறுங்கையோடு வெளியேற்றப்பட்டார்கள். ஒரு ஊரை ஒரு சனத்திலிருந்து துப்பரவாக்குவது என்ற எண்ணம் யோசுவாவின் காலத்தோடு முடிந்த ஒன்றல்ல. யோசுவாவை வாசிக்கும்போது எங்களை எப்போதும் மதிலுக்கு வெளியே எக்காளம் ஊதுகிறவர்களாகவோ எப்போதும் உள்ளே அகப்பட்டவர்களாகவோ வைத்து வாசித்தால் பாதிதான் வாசித்தவர்களாவோம்.

உங்கள் சைவ அக்காவுக்கு வருகிறேன். அவர் கேட்டால் “ஓம் அக்கா, அப்பிடித்தான் எழுதியிருக்கு, எனக்கும் அது கஷ்டமாத்தான் இருக்கு” என்று தொடங்குங்கள். மறுத்தால் அவர் வசனத்தைக் காட்டுவார், பிறகு நீங்கள் சொல்லும் எதற்கும் பெறுமதி இராது. இந்த ஊரில் சைவர்களுக்குப் பழைய ஏற்பாடு புதிதும் அல்ல. 1850 இல் வெளிவந்த தமிழ் வேதாகமத்தைப் பேர்சிவல் பாதிரியார் மொழிபெயர்த்தபோது கூட இருந்து உதவியவர் ஆறுமுக நாவலர். 1854 இல் வந்த அவருடைய சைவதூஷணபரிகாரம், எருசலேம் ஆலயத்தின் பலியையும் தூபத்தையும் வசனம் வசனமாக எடுத்துப் பாதிரிமாருக்குப் பதில் சொன்னது. அவரளவு கவனமாகப் படித்த கிறிஸ்தவர்கள் அப்போது எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

வகுப்புக்கு. அந்தப் பொடியனுக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை, அவன் மறந்திருக்கமாட்டான். அடுத்த ஞாயிறு தொடக்கத்திலேயே, எல்லாருக்கும் கேட்க, இப்படிச் சொல்லலாம்: “நீ போன முறை கேட்டது நல்ல கேள்வி. அந்தப் பிள்ளையள் ஒரு பிழையும் செய்யேல்லை. கடவுள்தான் தங்களைச் சண்டைக்கு அனுப்பினவர் எண்டு அந்தக் காலத்துச் சனம் நம்பிச்சினம், அப்பிடியே எழுதியும் வைச்சினம். இயேசு சின்னப் பிள்ளையளை அணைச்சு ஆசீர்வதிச்சவர். கடவுள் எப்பிடிப்பட்டவர் எண்டு நாங்கள் அவரைப் பாத்துத்தான் அறியிறம்.” இதற்கு மேல் நீட்டாதீர்கள். ஒரு நிமிடத்தில் முடியட்டும். “அப்ப பைபிளில பிழை இருக்கோ?” என்று கேட்டால், “சனம் கடவுளைக் கொஞ்சம் கொஞ்சமா விளங்கிக்கொண்ட கதையும் பைபிளில இருக்கு” என்பது அந்த வயதுக்குப் போதும். இதை வகுப்பில் சொல்வதற்கு முன் உங்கள் போதகரிடம் சொல்லிவிடுங்கள். பெற்றோர் வாயிலாக அரைகுறையாக அவர் கேள்விப்பட்டால் விளக்கம் கொடுப்பதிலேயே மாதங்கள் போய்விடும்.

எட்டு வயதுக்குக் கீழே எரிகோ பாடமே வேண்டாம். கடுதாசி எக்காளம் ஊதி, அட்டைப்பெட்டி மதிலைத் தள்ளிவிட்டுக் கைதட்டும் விளையாட்டு பிள்ளைகளுக்குப் பிடிக்கும், அதனால்தான் பாடப்புத்தகங்கள் அதை விடுவதில்லை. ஒரு ஊர் அழிவதற்குக் கைதட்டப் பழக்குகிறோம் என்பது கண்ணில் படுவதில்லை. சாறிபாத் விதவை, ரூத், யோனா என்று அந்நியர் வரும் கதைகள் நிறைய இருக்கின்றன. பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நான் மேலே தந்த இரட்டை வசனங்களைக் கொடுங்கள், ஒரு ஞாயிற்றுக்கு ஒரு சோடி மட்டும். 45 நிமிட வகுப்பில் பத்து நிமிடம் இரண்டையும் சத்தமாக வாசிப்பது, இருபது நிமிடம் என்ன வித்தியாசம் என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பது, மிச்சம் பேச்சு. தாவீதின் தொகையெடுப்பில் தொடங்குங்கள், அதில் குழந்தைக் கொலை இல்லை, பயமின்றிப் பேச வரும். எல்லாச் சோடிகளையும் ஒரே நாளில் கொட்டினால் எல்லாம் பொய் என்ற எண்ணத்தோடு வீட்டுக்குப் போவார்கள். திருத்தம் ஒரு திசையில் நகர்கிறது என்பதைக் காண அவர்களுக்கு வாரங்கள் தேவை.

உங்களுக்கு: இரண்டு கிழமைக்கு யோசுவாவையும் சாமுவேலையும் திறக்காதீர்கள், இரவில் தனியே இருந்து அறவே வேண்டாம். காலையில் சங்கீதம் 13, முடியாத நாளில் 88. அந்த 88 இருளிலேயே முடிகிறது, கடைசியில் ஒரு துதி வசனம்கூட இல்லை. ஜெபிக்கக் கூச்சமாக இருந்தால் அந்தக் கூச்சத்தையே சொல்லுங்கள்: “அந்தப் பிள்ளைகளை நினைத்தால் உம்மிடம் வரக் கால் கூசுகிறது.” அது முழுமையான ஜெபம். பிறகு ஆதியாகமம் 18, அதன் பிறகு யோசுவா 5 இலிருந்து மெதுவாக.

கடைசியாக ஒன்று. எரிகோ போன மாதம் முடிந்ததால், பாடத்திட்டம் வரிசையாகப் போனால் யோசுவா 7, எரிகோவில் ஹேரெம் ஆன பொருளைத் திருடிய ஆகானின் கதை, விரைவில் வரும். அதில் 24 ஆம் வசனத்தில் ஆகானின் குமாரரும் குமாரத்திகளும் அவனோடு கொண்டுபோகப்படுகிறார்கள். அதே பொடியன் அதே இடத்தில் எழும்புவான். இந்த வகுப்புக்கு அதை விட்டுவிட்டு எரிகோவிலிருந்து உயிர் தப்பிய ராகாப் எப்படி இஸ்ரவேலின் நடுவில் குடியிருந்தாள் என்பதைச் சொல்லுங்கள், இயேசுவின் வம்சவரிசையான மத்தேயு 1:5 இல் அவளுடைய பெயரைப் பிள்ளைகளைக் கொண்டே தேடி எடுக்கச் சொல்லுங்கள்.